ஆர்டர் தாளில் பணம் தரும் தேதியையும் எழுதுங்கள்: திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் ஏற்றுமதி நிறுவன உரிமையாளர்களுக்கும், அங்கே கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

நான் இதே ஊரில் ஒரு சின்ன ஸ்டிச்சிங் யூனிட் நடத்துகிறேன். நீங்கள் கட்டிங் முடித்து அனுப்பும் துணியை வாங்கித் தைத்து, பிசிர் வெட்டி, செக்கிங் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. நிட்டிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, அயர்னிங் என்று எங்களைப் போல ஆயிரக்கணக்கான ஜாப் ஒர்க் யூனிட்கள் இங்கே இருக்கின்றன. உங்கள் பெயர் போட்ட பெட்டி தூத்துக்குடித் துறைமுகம் போய்ச் சேருவதற்குள் எங்களில் நாலைந்து பேருடைய கை அதில் பட்டிருக்கும்.

ரேட் பற்றிப் பேச இந்த மடலை எழுதவில்லை. பீஸுக்கு எவ்வளவு என்பதை நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்வோம். சில சமயம் உங்கள் பக்கம் சாயும், சில சமயம் எங்கள் பக்கம் சாயும். நான் கேட்பது வேறு. வேலை தொடங்குவதற்கு முன்பே, ஆர்டர் தாளிலேயே, பணம் எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுதிக் கொடுங்கள்.

நீங்கள் தரும் ஆர்டர் தாளை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஸ்டைல் நம்பர், கலர், சைஸ் வாரியாக எத்தனை பீஸ், அங்குலத்துக்கு எத்தனை தையல், லேபிள் எந்தப் பக்கம், பாலி பேக்கில் எப்படி மடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். டெலிவரி தேதியும் இருக்கும். அந்தத் தேதி தப்பி சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டி வந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதைக்கூட எழுதியிருப்பீர்கள். பணம் தரும் தேதி மட்டும் இருக்காது. சில நிறுவனங்களின் தாளில் ‘பேமென்ட்: வழக்கம் போல’ என்று இருக்கும். அந்த வழக்கம் என்ன என்று கணக்குப் பிரிவில் இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு பதில் வரும்.

வாய்வார்த்தையில் ‘நாற்பத்தைந்து நாள்’ என்பீர்கள். எந்த நாளிலிருந்து? எங்கள் சரக்கு டிசியோடு (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சீட்டு) உங்கள் கேட்டுக்குள் வந்து, சரக்கு உள்ளே வந்தது என்று இன்வேர்டு சீல் விழுந்த நாளிலிருந்தா, நாங்கள் பில் போட்ட தேதியிலிருந்தா, பில் பாஸ் ஆன நாளிலிருந்தா, ஷிப்மென்ட் போன நாளிலிருந்தா? இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் எங்கள் பிழைப்பே இதில்தான் இருக்கிறது.

ஒரு பில் உங்கள் அலுவலகத்துக்குள் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். லாட், அதாவது ஒரு ஆர்டரின் மொத்தச் சரக்கு, முழுவதும் வந்தால்தான் பில் வாங்குவோம் என்கிறார்கள். ஐயாயிரம் பீஸில் நாலாயிரத்து எண்ணூறு கொடுத்தாயிற்று, மீதி இருநூறுக்குக் கட்டிங்கே இன்னும் வரவில்லை என்றாலும் பில் வாங்க மாட்டார்கள். அப்புறம் ஸ்டோரில் எண்ணிக்கை சரி என்று கையெழுத்து வேண்டும். தரம் பார்க்கும் கியூசி கையெழுத்து வேண்டும். ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் கையெழுத்து வேண்டும், அவர் பையரோடு, அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தாரோடு, சென்னையில் இருப்பார். கடைசியாகக் கணக்குப் பிரிவு. ‘அண்ணா, ஃபைல் எம்.டி. டேபிள்ல இருக்குங்க, வெள்ளிக்கிழமை பாத்துச் சொல்றேனுங்க’ என்பார் அங்கே இருக்கும் தம்பி. அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. தேதி சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. நாற்பத்தைந்து நாளை எண்ணத் தொடங்குவதற்கே இப்படி ஒரு மாதம் போய்விடுகிறது.

எங்கள் பக்கத்தில் செலவு எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டிச்சிங் யூனிட்டில் மூலப்பொருள் செலவு குறைவு. நூல், ஊசி, கரண்ட், வாடகை போக மீதியெல்லாம் ஆள் கூலி. இந்த ஊரில் கூலி சனிக்கிழமை சாயங்காலம் கொடுக்க வேண்டும். ஓவர்லாக் ஓட்டுபவருக்கும் பேட்லாக் ஓட்டுபவருக்கும் கைமடிக்கும் அக்காவுக்கும் ‘பையர் பணம் வரட்டும்’ என்று சொல்ல முடியாது. சொன்னால் திங்கட்கிழமை மெஷினில் ஆள் இருக்காது. அது நியாயமும்தான். அவர்கள் வாரச் சம்பளத்தில் அரிசி வாங்குகிறவர்கள்.

மாதம் 6 லட்சம் ரூபாய்க்கு பில் போடும் ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அதில் கூலி மட்டும் நாலரை லட்சம். அதாவது வாரத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ரொக்கமாக வேண்டும். முப்பது நாளில் பணம் வந்தால் எந்த நேரத்திலும் வெளியே நிற்பது 6 லட்சம். அதே பணம் தொண்ணூறு நாளில் வந்தால் 18 லட்சம். இடையில் இருக்கும் 12 லட்சத்தை நாங்கள் எங்கிருந்து கொண்டுவருவது? வங்கியில் கேட்டால் சொத்துப் பத்திரம் கேட்கிறார்கள். வெளியே இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 24,000 ரூபாய் வட்டி. பில் தொகையில் அது 4 சதவீதம். ஜாப் ஒர்க்கில் எல்லாம் போகக் கையில் நிற்பது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். உங்களில் பலர் இப்படிப் பத்து மெஷின் போட்டுத் தொடங்கியவர்கள்தான்.

இதற்கு மேல் ஜிஎஸ்டி. அந்த 6 லட்சத்துக்கு 5 சதவீதம் என்றால் 30,000 ரூபாய். மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிறவர்கள் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பணம் வந்ததா இல்லையா என்று அரசு கேட்பதில்லை. நாங்கள் கட்டியதும் அது உங்கள் கணக்கில் உள்ளீட்டு வரியாக ஏறிவிடுகிறது. ஏற்றுமதிக்கு வரி இல்லாததால் அதை நீங்கள் ரீஃபண்டாகவும் கேட்டு வாங்கிக்கொள்கிறீர்கள். எங்கள் கைக்காசில் கட்டிய வரி உங்களுக்குத் திரும்பி வந்துவிடுகிறது, எங்கள் பில் மட்டும் இன்னும் மேஜை மேல் இருக்கிறது. 180 நாளுக்குள் எங்களுக்குப் பணம் தராவிட்டால் எடுத்த வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டம் சொல்கிறது. அதனால்தானோ என்னவோ, ஆறு மாதம் நெருங்கும்போது சில பழைய பில்கள் திடீரென்று பாஸ் ஆகின்றன.

சட்டத்தைக் காட்டி மிரட்ட எனக்கு விருப்பமில்லை. உங்களோடு தொடர்ந்து தொழில் செய்ய வேண்டியவன் நான். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பது இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரியாததால் பல தேவையில்லாத பேச்சு நடக்கிறது. எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) வளர்ச்சிச் சட்டம் வந்தது 2006இல். அதன் 15ஆவது பிரிவுப்படி, அரசின் உத்யம் தளத்தில் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்திடம் வேலை வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் அதில் எழுதிய தேதிக்குள், ஆனால் அதுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ‘90 நாள்’ என்று அச்சடித்து இருவரும் கையெழுத்துப் போட்டாலும் அந்த 90 செல்லாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. வங்கி வீதம் 6.75 சதவீதமாக இருந்த காலத்தில் அது 20.25 சதவீதம். அந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது.

‘நாங்களும் எம்.எஸ்.எம்.இ.தானே’ என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உண்மைதான். 2025 ஏப்ரல் முதல் வந்த புதிய வரம்பில், 100 கோடி வரை விற்றுமுதலும் 25 கோடி வரை இயந்திர முதலீடும் உள்ள நிறுவனம் சிறு நிறுவனம். ஆனால் வாங்குபவர் பெரியவரா சிறியவரா என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை. வேலை வாங்கினீர்களா, செய்து கொடுத்தவர் குறு அல்லது சிறு நிறுவனமா என்பதுதான் கேள்வி.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதற்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. சரக்கு வந்து சேர்ந்த நாள்தான் கணக்கு. குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், அந்தக் குறை சரி செய்யப்பட்ட நாளிலிருந்து எண்ணலாம். 15 நாளுக்குள் எழுத்தில் ஒன்றும் வரவில்லை என்றால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே பொருள்.

இந்த இடத்தில் டெபிட் நோட், அதாவது குறை சொல்லி எங்கள் பில்லில் பணம் பிடிக்கும் சீட்டு, பற்றிச் சொல்லியாக வேண்டும். தாமதத்தைவிட எங்களை அதிகம் நோகடிப்பது இதுதான். ஒரு நிறுவனத்துக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுத்தோம். அவர்களுடைய கியூசி எங்கள் யூனிட்டிலேயே உட்கார்ந்து, லைனில் பீஸ் எடுத்து அளந்து, இறுதி செக்கிங்கிலும் கையெழுத்துப் போட்டுத்தான் சரக்கு போனது. சில மாதம் கழித்து பில் பாஸ் ஆகும் நேரத்தில் ஒரு டெபிட் நோட் வந்தது. நெக் ரிப் அலை அடிக்கிறதாம், பாடி நீளத்தில் வித்தியாசமாம். பீஸைக் காட்டுங்கள் என்று கேட்டேன். பீஸ் ஜெர்மனிக்குப் போய்விட்டது. பையரிடமிருந்து வந்த புகாரைக் காட்டுங்கள் என்றேன். அதுவும் இல்லை. பில்லில் பிடித்தது பிடித்ததுதான். தப்பு எங்கள் பக்கம் இருந்தால் பிடியுங்கள், ஆல்ட்டரேஷனுக்குத் திருப்பி அனுப்புங்கள், ராத்திரி ஷிப்ட் போட்டாவது சரி செய்து தருகிறோம். ஆனால் அதைச் சரக்கு உங்கள் கூரைக்குக் கீழே இருக்கும்போதே சொல்லுங்கள். பணம் தரும் தேதியை எழுதுவதும், குறை சொல்லும் கடைசித் தேதியை எழுதுவதும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தவை. ஒன்று இல்லாமல் இன்னொன்று நிற்காது.

2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் ‘எச்’ என்ற உட்பிரிவைச் சேர்த்தது. மேலே சொன்ன காலக்கெடுவைத் தாண்டி மார்ச் 31 அன்று நிலுவையில் நிற்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம் என்றது. 2024 மார்ச்சில் அதன் பலனைக் கண்ணால் பார்த்தோம். ஆடிட்டர் சொன்னதும் பழைய பில்கள் வரிசையாகப் பாஸ் ஆயின. பணம் தர முடியும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஏப்ரல் வந்ததும் மறுபடி பழைய கதை. இந்த விதி மார்ச் 31 அன்று உள்ள நிலுவையைத்தான் பார்க்கிறது, ஜூனிலும் செப்டம்பரிலும் எவ்வளவு நின்றது என்று கேட்பதில்லை.

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. ‘உத்யம் பதிவை கேன்சல் செய்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது’ என்று சிலர் ஜாடையாகவும் சிலர் நேராகவும் சொன்னார்கள். தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். அந்தப் பதிவை வைத்துத்தான் எங்களுக்கு மெஷின் மானியமும், பிணையில்லாக் கடன் உத்தரவாதமும் கிடைக்கின்றன. உங்கள் வரிக் கணக்கு வசதிக்காக எங்களை அரசுப் பட்டியலிலிருந்தே வெளியே போகச் சொல்வது கூட்டுத் தொழில் செய்கிறவர்கள் கேட்கும் கேள்வி இல்லை. (சக ஜாப் ஒர்க் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: பதிவை வேலை எடுக்கும் முன்பே செய்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். தகராறு வந்த பின் பதிவு செய்தால் பழைய பில்லுக்கு அது துணை நிற்கும் என்று நம்பி இருக்க முடியாது.)

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது இந்த ஊரே ஆடிப்போனது. பையர் தள்ளுபடி கேட்டார், ஏற்கெனவே தைத்த சரக்கை நிறுத்தி வைத்தார். அந்த அடி முதலில் உங்கள் மேல்தான் விழுந்தது. நூல் விலை ஏறி இறங்குவதையும் நீங்கள்தான் தாங்குகிறீர்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ‘இந்த மாதம் பாதிதான் தர முடியும், மீதி இந்தத் தேதியில்’ என்று ஒரு போன் செய்து சொன்ன நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு நாங்கள் ஒரு நாள்கூட மெஷினை நிறுத்தவில்லை. தேதி தெரிந்தால் சமாளித்துக்கொள்வோம். தெரியாததுதான் எங்களைக் கொல்கிறது.

ஆனால் ‘பையர் பணம் வந்ததும் தருகிறேன்’ என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பையர் ஆர்டரைக் காட்டி வங்கியில் பேக்கிங் கிரெடிட் என்ற ஏற்றுமதிக் கடன் வாங்குகிறீர்கள். நூல் வாங்க, சாயம் போட, தைக்க, பேக் செய்யத்தான் வங்கி அதைத் தருகிறது. எங்கள் தையல் கூலியும் அதில் அடக்கம். பையர் பணம் தராமல் போனால் உங்களுக்கு இ.சி.ஜி.சி. என்ற அரசு நிறுவனத்தின் ஏற்றுமதிக் கடன் காப்பீடு இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பையர் யார், எந்த நாடு, அவருடைய கடன் பெயர் எப்படி என்று விசாரித்து ஆர்டர் எடுத்தவர் நீங்கள். அவர் பெயர்கூட எங்களுக்கு லேபிளில் பார்த்துத்தான் தெரியும். அந்த ஆபத்தில் எங்களுக்குப் பங்கு வைப்பது எந்த வகையில் சரி?

உங்களுக்கு இது புதிதான வேலையும் இல்லை. பையரோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்தில் பணம் எல்.சி. (வங்கி உத்தரவாதக் கடிதம்) வழியா, டி.ஏ. (ஆவணத்தை ஏற்றுப் பின்னர் பணம்) வழியா, 60 நாளா 90 நாளா, பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) தேதியிலிருந்தா என்று ஒரு எழுத்து விடாமல் எழுதியிருக்கும். அது இல்லாமல் ஒரு மீட்டர் துணியை வெட்ட மாட்டீர்கள். அந்த அக்கறையை எங்கள் தாளிலும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என்ன எழுதலாம் என்று நானே ஒரு வரைவு சொல்கிறேன். ‘சரக்கு இன்வேர்டு ஆன நாளிலிருந்து 30 நாளில் பணம் செலுத்தப்படும். குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கப்படும். லாட் முடியாவிட்டாலும் வாரம் ஒரு முறை, வந்த பீஸுக்கு பில் ஏற்கப்படும்.’ மூன்றே வரி. இந்த மூன்றில் கடைசி வரிதான் எங்களுக்கு முதலில் மூச்சு விட வைக்கும். வாரா வாரம் பில் போட முடிந்தாலே வாரா வாரம் கூலி கொடுப்பதற்கும் அதற்கும் ஒரு பொருத்தம் வந்துவிடும். புதிதாக வரும் யூனிட்டுக்கு முதல் லாட்டில் கால் பங்கு அட்வான்ஸ் என்று சேர்த்தால் இன்னும் நல்லது.

பெரிய நிறுவனங்களுக்குத் தனியாக ஒன்று. விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் 2025 மார்ச் 31க்குள் டிரெட்ஸ் (சிறு நிறுவனங்களின் பில்லுக்கு வங்கிகள் முன்பணம் தரும் இணையத் தளம்) தளத்தில் சேர வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. சேர்ந்தும் இருப்பீர்கள். ஆனால் சேர்ந்ததோடு நின்றுவிட்டால் எங்களுக்குப் பயன் இல்லை. எங்கள் பில்லை அங்கே நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் வங்கிகள் அதற்கு வட்டி விகிதம் கேட்டுப் போட்டி போட்டு எங்களுக்குச் சில நாளில் பணம் தரும். கெடு வரும்போது நீங்கள் வங்கிக்குக் கட்டிக்கொள்ளலாம். வங்கி பார்ப்பது உங்கள் கடன் பெயரை, எங்களுடையதை அல்ல. அதனால் வட்டியும் எங்களுக்கு வெளியே கிடைப்பதைவிட மிகக் குறைவு. உங்கள் பணம் ஒரு ரூபாய்கூட முன்னால் வெளியே போகாமல் எங்களுக்கு உதவ இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஏற்றுமதியாளர் சங்கத்துக்கும் மற்ற தொழில் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். பனியன் தொழிலாளர் சம்பளத்தை உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி எழுத்தில் ஒப்பந்தம் போடும் ஊர் இது. எத்தனையோ சுற்றுப் பேச்சு முறிந்திருக்கிறது, மறுபடி கூடியிருக்கிறோம், கடைசியில் கையெழுத்து ஆகியிருக்கிறது. அதே போல ஜாப் ஒர்க் சங்கங்களையும் அழைத்து, எல்லாரும் பயன்படுத்தும் ஒரு பொது ஆர்டர் படிவம் கொண்டுவாருங்கள். ஒரு நிறுவனம் மட்டும் 30 நாளில் தந்தால் அதற்குப் பக்கத்து நிறுவனத்தைவிடச் செலவு கூடும் என்ற பயம் இருக்கும். எல்லாரும் ஒரே தாளைப் பயன்படுத்தினால் அந்தப் பயத்துக்கு இடம் இல்லை. வசூலுக்காக, நிலுவைத் தகராறுகளை விசாரிக்கும் எம்.எஸ்.எம்.இ. வசதி கவுன்சிலின் படி ஏறுவதை எங்களில் யாரும் விரும்புவதில்லை. ஏறினால் அந்த நிறுவனத்தோடு உறவு முடிந்தது என்று எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்திலிருந்து என்ன தருவோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிசியில் பீஸ் கணக்கும் கட்டிங் பேலன்ஸும் சரியாக எழுதித் தருவோம். சரக்கு வரும் வண்டியிலேயே பில்லும் வரும், மாதக் கடைசியில் மொத்தமாகக் கொண்டுவந்து உங்கள் கணக்குப் பிரிவைத் திணறடிக்க மாட்டோம். டெலிவரி தேதி தப்பும் என்று தெரிந்தால் அன்றைக்கே மெர்ச்சண்டைசருக்குச் சொல்லிவிடுவோம். அப்புறம், இன்வேர்டு ஆன ஏழு நாளுக்குள் பணம் தரும் நிறுவனத்துக்கு பில் தொகையில் 2 சதவீதம் குறைத்துக்கொள்ள என் யூனிட் தயார். வெளியே நான் கட்டும் ஒரு மாத வட்டி அது. அதை வட்டிக்காரருக்குக் கொடுப்பதைவிட உங்களுக்கே கொடுத்துவிடுகிறேன். அந்த வரியையும் ஆர்டர் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டிச்சிங் ஜாப் ஒர்க் யூனிட் உரிமையாளர்,
திருப்பூர்